ஐஸ் கம்பெனிக்காரன் அடித்த ஜூஸ்

என் மனைவிக்குத் தொண்டையில் கட்டி வந்து, அதற்குக் கரண்டு வைத்தார்கள். ரேடியேஷனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கட்டி சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் வாயெல்லாம் வெந்துபோய்விட்டது. சோறு இறங்கவில்லை. இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தாலும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் வாரா வாரம் எடை பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்திருக்கும். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் குழாய்க்கு அவள் பயந்தாள். வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறாள். ராயபுரத்தில் எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பாட்டுக் குழுவோடு முன்வரிசையில் நிற்கிறவள். இப்போது பாட முடியாது. ஆனாலும் போய் நிற்பாள். குழாயோடு எப்படி அங்கே போய் நிற்பது என்று என்னிடம் கேட்டாள்.

மகள் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அவள்தான் போனில் ஒரு வீடியோ காட்டினாள். பழத்தை வெட்டி ஃப்ரீசரில் உறைய வைத்து, பாலோ தயிரோ ஊற்றி மிக்ஸியில் அடிக்கிறார்கள். அதற்கு ஸ்மூத்தி என்று பேர். புளிப்பில்லாத பழமாக இருந்தால் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள்.

"டாடி, நான் காலைல போனா ராத்திரிதான் வருவேன். நீதான் அடிச்சுக் குடுக்கணும். முடியுமா?"

"முடியும்" என்றேன்.

நான் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறேன். படகுகளுக்குப் போகிற ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்து, அரைக்கிற மிஷினில் தள்ளுகிற வேலை. விடியுமுன் போனால் மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன்.

எங்கள் ஃப்ரீசரில் எப்போதும் மீன்தான் இருக்கும். மீன் வாசனை அவளுக்கு ஆகாமல் போனதிலிருந்து வீட்டில் மீனே இல்லை. காலியாகக் கிடந்ததை வெந்நீர் விட்டுக் கழுவி, எலுமிச்சம் பழத்தோலால் தேய்த்தேன். மோரிஸ் வாழைப்பழம், பப்பாளி, சப்போட்டா வாங்கிவந்து, துண்டு போட்டு, எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உள்ளே வைத்தேன். உறைந்த பிறகு கவரில் போட்டுக் கட்டிவிடுவேன். அடிக்கும்போது ஊறவைத்த பேரீச்சையும் கொஞ்சம் பாலும் சேர்ப்பேன். வாழைப்பழம் உறைந்து அரைபட்டால் ஐஸ்கிரீம் மாதிரி வழவழவென்று வரும். முதல் நாள் அதைப் பார்த்தபோது, இது நிச்சயம் இறங்கும் என்று நினைத்தேன்.

மிக்ஸிதான் கஷ்டப்பட்டது. சரளைக்கல்லைப் போட்ட மாதிரி கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிடும். கவிழ்த்து, அடியில் இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்கி, ஆறவைத்து மறுபடியும் ஓட்ட வேண்டும். கீழ் வீட்டு அக்கா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அந்த நேரத்தில்தான் அவர் கொஞ்சம் படுப்பார்.

"இன்னா அண்ணாத்த, ஜூஸ் கடை போட்டுக்கினியா? மண்டைக்குள்ள ஓட்ற மாரி கீதுப்பா."

"ஒரு ரெண்டு நிமிசம்க்கா."

"ஓட்டு ஓட்டு. அவ குடிச்சா சரி. எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்து வை."

என் மனைவி குடித்தாள். டம்ளரை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தால் சங்கடப்படுவாள் என்று எழுந்துபோய்ப் படுத்துக்கொள்வேன். படுத்த உடனே தூங்கிவிடுவேன். எழுந்து பார்த்தால் டம்ளர் காலியாகக் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

அந்த வாரமும் எடை குறைந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டுக் குழாய் போட்டுவிடலாம் என்றார் டாக்டர். மறுநாள் கைகழுவும் தொட்டியின் ஓட்டையைச் சுற்றிப் பப்பாளி நிறத்தில் கூழ் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கொட்டியிருக்கிறாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவ்வளவு அசதி. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு அன்றைக்கும் அடித்துக் கொடுத்தேன். அவளிடம் ஏன் என்று கேட்டிருக்கலாம். எனக்கு யாரிடமும் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை.

மகளுக்கு லீவு நாள் வந்தது. அடித்த டம்ளரை அவள் கையில் கொடுத்து, அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். வாங்கியவள் கையை உதறினாள்.

"இன்னா டாடி இது? இம்மாஞ் சில்லுனு கீது!"

"அவ்ளோ ஒண்ணும் இல்லியே."

அவள் ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கி, பல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு அம்மாவிடம் போய்க் கேட்டாள்.

"யம்மா, தெனமும் இப்டித்தான் குடிக்கிறியா? வலிக்கலியா உனுக்கு?"

என் மனைவியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் மெதுவாகப் பேசினாள். பேசுவதும் அவளுக்கு வலிதான்.

"நெருப்பு மாரி கீதுடி. பாதிக்கு மேல முடியல. அந்த மனுசன் ஐஸ்ல நின்னுட்டு வந்து அரைச்சிக் குடுக்குறாரு. இன்னான்னு சொல்றது?"

நான் அந்த டம்ளரை வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருசம் பாளம் தள்ளி விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன. வேலை செய்யும்போது எங்கள் கம்பெனியில் எல்லோரும் ஒரு சில்லு ஐஸை வாயில் ஒதுக்கிக்கொள்வோம், வெயிலுக்கு. அதனால் நாக்கும் அப்படித்தான். தினமும் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அந்த நாக்கை நம்பி வெந்த வாயில் ஐஸைக் கொட்டியிருக்கிறேன்.

மறுநாள் மகள் வேலைக்குப் போய்விட்டாள். அடித்து வைத்துவிட்டு, சில்லிப்பு போய்விட்டதா என்று யாரைக் கேட்பது என யோசித்து, டம்ளரோடு கீழே போனேன். அக்கா விரலை விட்டுப் பார்த்தார். ஒரு மடக்கும் குடித்தார்.

"நல்லாத்தான் கீது. பச்சத்தண்ணி மாரி கீது, குடு."

மாடிப்படி ஏறும்போதுதான் தோன்றியது. அந்த அக்காவின் கையும் நாள் முழுக்க ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிற கை. எங்கள் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் மீனும் ஐஸுமாகத்தான் இருப்பார்கள். கேட்க வேண்டியவள் மேலே உட்கார்ந்திருந்தாள்.

அவள் கையிலேயே டம்ளரைக் கொடுத்து, "பாரு" என்றேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டித் திருப்பிக் கொடுத்தாள். சமையல் மேடையில் வைத்தேன். டம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்து வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் தலையாட்டினாள். எனக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. அவள் பக்கத்திலேயே டம்ளரை வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன்.

கண் விழித்தபோது வெளியே வெயில் இறங்கியிருந்தது. என் தலைக்கடியில் தலையணை இருந்தது. டம்ளர் காலி.

"குடிச்சியா?" என்றேன். முதல் தடவையாக.

"குடிச்சேன்யா."

"கொட்டலியே?"

"சத்தியமா. நீ கொறட்ட வுட்டுக்கினு இருந்தே. அது நல்லா உருகிப்போச்சு. முழுசும் எறங்கிச்சு."

அதன் பிறகு தினமும் அப்படித்தான். அடித்து வைப்பேன், அவள் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள், சரி என்றால் குடிப்பாள். சாயங்காலம் இன்னொரு முறையும் கேட்டாள். அதற்குள் நான் தூங்கிக் களைத்திருப்பேன், இல்லை தூங்காமல் களைத்திருப்பேன். எழுந்து சிவப்பு பட்டனை அமுக்குவேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவள் எடை மிஷின் மேல் ஏறி நின்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடை ஏறவில்லை. குறையவும் இல்லை. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இப்போதைக்குக் குழாய் வேணாம், இதே மாதிரி குடுங்க, அடுத்த வாரம் பாப்போம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் என் தோளில் சாய்ந்தாள். ராயபுரத்தில் இறங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

"யோவ் பெருசு, எறங்குய்யா. திருவொற்றியூர் வந்துச்சு. வண்டி இதுக்கு மேல போவாது."

ரெண்டு பேரும் இறங்கி, திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக நின்றோம். கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூசி கிளப்பிக்கொண்டு போயின. அவள் ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. குனிந்தேன்.

"வூட்ல பழம் தீந்துபோச்சுய்யா."

எதிர்ப்பக்கம் ஒரு தள்ளுவண்டி நின்றது. அவளை நிழலில் உட்காரவைத்துவிட்டு, லாரிகளுக்கு நடுவில் இடைவெளி வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.