கீழ்த்தாடைப் பல்

டிராயரிலிருந்து பல்லை எடுத்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார் அய்யம்பெருமாள். அதில் கடல் வாசனை போய்ப் பல வருஷமாகிறது. அவருக்கு மட்டும் இன்னும் அடிக்கிறதாம். பிறகு தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து மாணவர்கள் முன் வைப்பார். நாகப்பட்டினம் பக்கம் கரை ஒதுங்கிய ஸ்பெர்ம் திமிங்கலத்தின் பல் அது. ஒரு சாண் நீளம். நெடுக அறுத்து இரண்டாகப் பிளந்திருக்கும்.

அரியலூரில் எங்கள் கல்லூரி விலங்கியல் கூடத்துக்கு அவர் அட்டெண்டர், நான் ஆசிரியன். நான் ஐந்து நிமிஷம் பிந்தினால் பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

"பல்லு கீழ்த்தாடையில மட்டுந்தாங்க. மேல வெறுங்குழி, அதுல வந்து சொருகிக்கும். ஒடம்புல மூணுல ஒரு பங்கு தலை, உள்ள பூரா எண்ணெ. மூக்கு உச்சிக்கு ஏறி எடதுபக்கமா ஒதுங்கிருச்சு. துடுப்பை அறுத்தா அஞ்சு வெரலு இருக்கும். இதோட பாட்டன் பூட்டன் தரையில நாலு காலோட திரிஞ்ச மிருகம். நம்ம ஊரு கடலா கெடந்தப்ப இது பொறக்கவேயில்ல."

கடைசியில் லென்ஸைக் கொடுத்து, ஊசிமுனையால் பல்லின் உட்கோடுகளை எண்ண வைப்பார். "வருஷத்துக்கு ஒரு கோடு. நாப்பத்தொண்ணு. யாரும் மாத்தி எழுத முடியாது பாருங்க."

அவர் வயதைத்தான் மாற்றி எழுதிவிட்டார்கள். கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும் காலம் அது. அண்ணனோடு வேடிக்கை பார்க்கப் போனவருக்கு மூன்று வயது. கை நீளம், தொட்டுவிட்டார். ஆண்டிமடத்து வாத்தியார் ஆறு என்று எழுதிக்கொண்டார்.

அதனால் ஏட்டுக் கணக்கில் ஐம்பத்தெட்டு நிறைந்து இந்த மாதக் கடைசியில் ஓய்வு. மகள் செல்வம்மாள் பிளஸ் ஒன் படிக்கிறாள். "வேலை போயிட்டா படிப்பை நிறுத்திக் கட்டிக் குடுத்துருன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க சார். மூணு வருஷம் இருந்தா அவ டீச்சராயிருவா." வயதைத் திருத்தச் சொன்னதற்கு ஆபீசில் சான்று கேட்டார்கள். "அரியலூருக்கு ரயிலு வந்த வருஷம் பொறந்தவன், எங்காத்தா சொல்லும்" என்றார். ஆத்தா சொன்னது செல்லாதாம். எனக்கு ஆபீஸ்காரர்கள் மேல் கோபம் வந்தது. வந்து என்ன செய்ய?

நேற்று கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு வந்தார். மடித்த காகிதத்தை என் மேஜையில் பிரித்தார். ஒரு கடைவாய்ப் பல். வேரில் இன்னும் ரத்தம் இருந்தது.

"சொத்தையா?"

"நல்ல பல்லுதாங்க. ஆஸ்பத்திரியில பொய் சொல்லிப் புடுங்கிக்கிட்டேன். இதையும் நெடுக அறுத்து எண்ணிச் சொல்லுங்க சார். அம்பத்தஞ்சுதான் இருக்கும்."

மனிதப் பல்லில் அப்படி எண்ண நம்மிடம் வழியில்லை, எண்ணினாலும் ஆபீஸ் ஒத்துக்கொள்ளாது என்றேன்.

"சரிங்க சார்."

டிராயரைத் திறந்தார். திமிங்கலப் பல்லுக்குப் பக்கத்தில் பஞ்சு வைத்துத் தன் பல்லைக் கிடத்தினார். ஒரு புது அட்டையை எடுத்து நிதானமாக எழுதினார்: அய்யம்பெருமாள், ஆண்டிமடம், கீழ்த்தாடைப் பல். அடுத்த வரியில் 'வயது' என்று எழுதியதும் கை நின்றது.

பேனாவை என்னிடம் நீட்டினார்.