மொட்டைத் தலைக்கு எமோ ஆகாது

"...அதில்லை அண்ணை, குரல் பிறகு. முதல்ல முடி. மொட்டை அடிச்சுப்போட்டு வந்து நிக்கிறவனை எமோ எண்டு ஆர் சொல்லுவினம்? நீங்களே சொல்லுங்கோ!"

என்னைச் சொல்லச் சொன்னவன் கிட்டார்க்காரன். பதுளை கடைத்தெருவில் நான் வைத்திருந்த ரெக்கோடிங் கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு, தீர்ப்புச் சொல்லிவிட்ட நீதவான் மாதிரி நின்றான். மொட்டை அடித்தவனும் அங்கேயேதான் நின்றான், சந்தனம் பூசிய தலையோடு. அவன்தான் கிட்டார்க்காரனின் குழுவில் பாட்டுக்காரன். வருகிற சனிக்கிழமை நகர மண்டபத்தில் இசை விழா. கிட்டார்க்காரனின் பேச்சு எடுபட்டால் அவனுக்கு மேடை இல்லை. அவனுடைய அம்மாவோ, மகன் பதுளையில் பாடப் போகிறான் என்று தேயிலைத் தோட்டத்து லயம் முழுவதும் சொல்லி முடித்துவிட்டார்.

எமோ என்றால் என்னவென்று தெரியாமல் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பையன்கள் கிட்டாரை அணைத்துக்கொண்டு தங்கள் மனவலியைப் பாடுகிற ஒரு வகை. முதலில் காதோடு காதாக முனகுவார்கள். பிறகு கதவிடுக்கில் விரல் மாட்டியவன் மாதிரி அலறுவார்கள். அவள் போய்விட்டாள், அப்பாவுக்கு என்னைப் புரியவில்லை, இந்த ஊரில் மழை விடுவதில்லை, இவ்வளவுதான் சங்கதி. எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. தொண்ணூறுகளில் கசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த நாளிலிருந்து நானும் சோகத்தில் சோறு தின்றவன்தான். அந்தக் காலத்தில் ஒரு கொழுந்து பறிக்கிற அம்மா சம்பள வாரத்தில் வெறும் கசட்டோடு வந்து நிற்பார். "அழுவுற பாட்டா பாத்துப் போடுங்க தம்பி. ஆனா ஒண்ணு, நான் அழுது முடிக்க முன்னாடி கசட்டு முடிஞ்சிறக் கூடாது" என்பார். எந்த வகை அழுகை, எந்த நாட்டு அழுகை, முடியோடு அழுவதா முடியில்லாமல் அழுவதா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்கிறவர்கள் இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தார்கள். கசட் போய் சீடி வந்தது. சீடியோடு இந்தப் பிள்ளைகளும் வந்தார்கள். கிட்டார்க்காரனின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து பதுளையிலேயே தங்கிவிட்ட அரசாங்க உத்தியோகத்தர். பையன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். பேச்சை மட்டும் வீட்டில் கட்டிக் காத்துக் கொடுத்திருந்தார்கள். ட்ரம்ஸ் அடிப்பவன் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடை முதலாளியின் மகன். பின்னேரமானால் இரண்டு பேரும் என் கடைக்கு வந்து எமோ என்றால் என்ன என்று சண்டை போடுவார்கள். வாங்குவது அபூர்வம்.

கிட்டார்க்காரன் கட்சிக்கு வலிதான் எல்லாம். வலி உண்மையாக இருக்க வேண்டும், சொந்த வலியாக இருக்க வேண்டும், முனகலில் தொடங்கி அலறலில் முடிய வேண்டும். கடைசி அடியில் பாடகன் கொஞ்சம் தெம்பாகிவிட்டால் போச்சு. "சந்தோசப்பட்டுட்டான் அண்ணை. இனி இவன் எமோ இல்லை, வெறும் பங்க்" என்று சீடியை எடுத்து என் கையில் தந்துவிடுவான், செத்த எலியைத் தருகிற மாதிரி. ட்ரம்ஸ்காரன் கட்சிக்கு உடுப்புதான் எல்லாம். கறுப்புச் சட்டை, காலோடு ஒட்டின ஜீன்ஸ், அம்மாவின் அலுமாரியிலிருந்து எடுத்த கண்மை, ஒரு கண்ணை மறைக்கிற முடி. அந்த ஜீன்ஸை அளவெடுத்துத் தைத்த டெய்லர், "உள்ள போறதுக்கு வழி வச்சிட்டேன் தம்பி, வெளிய வர்றது உங்க சாமர்த்தியம்" என்று கையைக் கழுவிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு ட்ரம்ஸுக்கு முன்னால் உட்கார முடியாது. நின்றுகொண்டே அடித்தான். அதையும் எமோவின் இலக்கணத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

முடியில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று. ஆனால் மறைய வேண்டியது இடது கண்ணா வலது கண்ணா என்பதில் ஒரு வாரம் போயிற்று. இடது என்று கிட்டார்க்காரன் சாதித்தான். இதயம் இடது பக்கம் இருக்கிறதாம். வலது கண்ணை மறைப்பவன் போலி. என் சீடி அலுமாரியில் எமோவுக்கென்று ஒரு தட்டு ஒதுக்க வைத்து, பிறகு அந்தத் தட்டுக்கு நடுவிலேயே காட்போட் மட்டை வைத்து, இந்தப் பக்கம் உண்மை, அந்தப் பக்கம் போலி என்று பிரித்தும் விட்டான். மாதத்துக்கு ஒரு தடவை உண்மைகள் போலிப் பக்கம் போய்ச் சேரும்.

அவர்கள் கொண்டுவந்ததையெல்லாம் நானும் கேட்டேன். பள்ளிக்கூடத்தைத்தான் பாதியில் விட்டேன், காதை விடவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கும் ஓர் அபிப்பிராயம் வந்தது. எமோவுக்கு முதல் தேவை முடியும் இல்லை, கிட்டாரும் இல்லை. சாத்திக்கொள்ள ஒரு கதவு. கிட்டார்க்காரனுக்குத் தனி அறை இருந்தது, உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தன்னை யாருக்கும் புரியவில்லை என்று அழலாம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளில் அழுது பாருங்கள். அடுத்த காம்பிராவிலிருந்து "என்னாச்சு?" என்று சத்தம் வரும், அதற்கடுத்த காம்பிராவிலிருந்து தேத்தண்ணி வரும். புரியாமல் போவதற்கு அங்கே இடவசதி கிடையாது.

அந்த லயத்திலிருந்துதான் பாட்டுக்காரன் வந்தான். பசறைப் பக்கத்துத் தோட்டம், பசறை டவுனில் டெலிபோன் பேச, போட்டோகொப்பி எடுக்க ஆட்கள் வருகிற ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை. அம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன் என்று பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நோயாளியைப் பார்க்க விடுகிற நேரம்வரை மழைக்கு என் கடையில் ஒதுங்குவான். வாராத முடி ஒரு கண்ணை மூடிக் கிடக்கும். வெளுத்த கறுப்புச் சட்டை, நாலு நாளாகத் தூங்காத முகம், மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு. கிட்டார்க்காரன் அவனைக் கண்டவுடன் பேச்சை நிறுத்திவிட்டான். இணையத்தில் படமாகப் பார்த்த சாமி நேரில் வந்து நின்றால் வேறென்ன செய்வது?

"நீர் எமோவோ?"

"இல்லைங்க, நான் பசறைப் பக்கம்."

எங்கள் மலையகத்து ஆட்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது நேர்த்தி முடி என்று. அம்மா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால் தோட்டத்து மாரியம்மனுக்கு முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டவன். திருவிழாவரைக்கும் கத்தி படக் கூடாது. கிட்டார்க்காரனுக்கும் தெரியாத விஷயமில்லை, அவன் தாயாரே கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு போய்வருகிறவர். ஆனால் எமோ ஏறின மண்டையில் அம்மன் எங்கே ஏறுவாள்? "என்ன ஒரு பிடிப்பு பாருங்கோ அண்ணை, எண்ணெய்கூட வைக்கேல்லை" என்று உருகினான். ட்ரம்ஸ்காரன் அடுத்த நாளே ஒரு மஞ்சள் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

எப்படியோ, சேர்த்துக்கொண்டார்கள். கோயில் பஜனையில் பாடின குரல். முனகச் சொன்னார்கள், முனகினான். அலறச் சொன்னார்கள், அலறினான். என் மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. அலறிப் பழக லயத்தில் ஏது இடம்? தேயிலை மலைக்குப் போனான். மலையில் அலறல் கேட்டால் அது குளவி கொட்டு என்றுதான் அர்த்தம். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு முக்காட்டோடு ஓடியிருக்கிறார்கள். கங்காணி சாக்கைக் கொளுத்திக்கொண்டு புகை போட ஓடி வந்திருக்கிறார்.

"யாருக்குடா கொட்டுச்சு?"

"யாருக்கும் இல்லைங்க, பாட்டுப் பாடுனேன்."

"பாட்டுன்னா முன்னாடியே சொல்லிப்புட்டுப் பாடு! பாதி மல எறங்கிருச்சு!"

அவனையும் நான் ஒரேயடியாகத் தூக்கி வைக்க மாட்டேன். சேர்ந்து கொஞ்ச நாளிலேயே தொற்றிக்கொண்டது. பசறை பஸ் புறப்படுகிற நேரத்தில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "அது பொப் பங்க் மச்சான், எமோ இல்ல!" என்று கத்தினவன்தான் அவனும்.

அம்மா வீடு திரும்பினார். திருவிழா வந்தது. முடியைக் கொடுத்துவிட்டு, கோயில் பொங்கலை வாழையிலையில் பொதிந்து கொண்டு சிரித்த முகத்தோடு என் கடைக்கு வந்தான். அந்தப் பொங்கலைத் தின்றுகொண்டேதான் கிட்டார்க்காரன் அவனை விலக்கினான்.

"தொப்பி போட்டா என்ன மச்சான்?" என்று ட்ரம்ஸ்காரன் கேட்டான்.

"தொப்பி எமோ இல்லை. தொப்பி ராப்."

"அப்ப டோப்பா? கூத்துக்காரங்ககிட்ட இருக்குமே."

"பொய் முடியோ? எமோ எண்டால் உண்மை, மச்சான்!"

பக்கத்து சலூன்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "முடிதானே பஞ்சம்? என் கடையில கூட்டி வச்சிருக்கேன், வேண்டியத அள்ளிக்கங்க" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சரி தம்பி, உங்க எமோன்னா என்னதான்? ஒரே வார்த்தையில சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

"வலி, அண்ணை. உண்மையான வலி." விரலில் ஒட்டின நெய்யை நக்கிக்கொண்டான்.

"கத்தி வெட்டுன எடம் இன்னும் எரியுது மச்சான்" என்று பாட்டுக்காரன் தலையைத் தடவிக் காட்டினான். பிறகு குரலை இறக்கி, "அம்மா வர்றாங்க மச்சான். லயத்துல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வர்றாங்க" என்றான்.

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறது எமோவே இல்லை."

அதோடு முடிந்தது. பாட்டைத் தானே பாடுவதாகச் சொல்லிவிட்டான் கிட்டார்க்காரன். கிட்டாரின் வயர் லூசாக இருந்தது, திரைக்குப் பின்னால் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், முடி இல்லாதவன் அங்கே நிற்கலாம் என்று பெருந்தன்மையும் காட்டினான். பாட்டுக்காரன் தலையாட்டினான். வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. சொல்லவேயில்லை.

சனிக்கிழமை நான் அந்த அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் மாட்டிக்கொண்டேன். ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்தியிருந்தார். பின்வரிசை முழுக்க அவர் லயத்துப் பெண்கள். நடனம் முடிந்து, சினிமாப் பாட்டு முடிந்து, கறுப்புச் சட்டைகள் மேடைக்கு வந்தன.

"அண்ணே, எம்புள்ள எங்க? காணோமே?"

"உள்ளதான் இருக்கான்மா" என்றேன். பொய்யில்லை.

கிட்டார்க்காரன் முனகினான். அதுவரைக்கும் மோசமில்லை. அலற வேண்டிய இடம் வந்ததும் வாயைத் திறந்தான். பசறை பஸ் மேட்டு வளைவில் கியர் மாற்றுகிற சத்தம் வந்தது. பக்கத்து வரிசைகளில் ஊளையிட்டார்கள். அந்த மண்டபத்தில் அவன் வலியை உண்மையென்று நம்பின ஒரே ஆள் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாதான். "பாவம், இந்தப் புள்ளைக்கு என்னா நோவு?" என்றார்.

இரண்டாம் தடவை அலற வேண்டிய இடம் வந்தது. கிட்டார்க்காரனின் வாய் திறந்தது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. வந்தது திரைக்குப் பின்னாலிருந்து. ஒரு பள்ளத்தாக்கையே நிரப்பிப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? ஊளையிட்டவர்கள் வாயை மூடினார்கள். பின்வரிசைப் பெண்கள் தங்களை அறியாமலே சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டார்கள். ட்ரம்ஸ்காரன், அவனைச் சொல்ல வேண்டும், முதல் தடவையாகத் தாளத்தைச் சரியாகப் பிடித்தான். கிட்டார்க்காரன் என்ன செய்தான் தெரியுமா? உதட்டை அசைத்தான். உண்மை, உண்மை என்று என் அலுமாரிக்கு மட்டை வைத்தவன், மிச்சப் பாட்டு முழுவதற்கும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு கண்ணை மூடி உருகினான்.

பாட்டு முடிந்ததும் மண்டபமே கை தட்டியது. அவன் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான்.

எனக்குப் பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"அது எம்புள்ள சத்தம்! ராசா, எங்கடா நிக்கிற?"

"இங்கதாம்மா!" என்று திரைக்குள்ளிருந்து பதில் வந்தது. அம்மா கூப்பிட்டால் போய்த்தான் பழக்கம். வயரைக் கையில் பிடித்தபடியே வெளிச்சத்துக்கு வந்துவிட்டான். வயர் இழுபட்டுக் கிட்டார் ஊமையானது. மேடை விளக்கில் மொட்டைத் தலை பளபளத்தது. பின்வரிசை எழுந்து நின்று கத்தியது. அம்மா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு மண்டபம் முழுவதும் மெல்ல மெல்ல மைக்குக்கு முன்னால் நிற்பவன் பக்கம் திரும்பியது.

கிட்டார்க்காரன் ஒருமுறை மொட்டைத் தலையைப் பார்த்தான், ஒருமுறை அந்த அம்மாவைப் பார்த்தான். பிறகு இடது கண்ணில் கிடந்த முடியோடு வலது பக்கத்து முடியையும் இழுத்து, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டான்.