கரை நகர்ந்தாலும்

துறைமுகத்தில் பத்தொன்பது வருஷம் கடல்மட்டம் அளந்தவள் அவள். தெரிந்தவர்களுக்கெல்லாம் அலையக்கா. உள்ளங்கை அகல நாடு. கடல் மாநாட்டுக்குத் தூதரோடு துணைக்குப் போக அவளை விட்டால் ஆளில்லை.

மாநாட்டு மண்டபம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருந்தது. கண்ணாடிக் கூரையிலிருந்து பச்சை வெளிச்சம் மெல்ல அசைந்து இறங்கியது. காதுக்கருவியில் மொழிபெயர்ப்பாளரின் குரல் எங்கோ தொலைவிலிருந்து மிதந்து வந்தது. பெரிய நாட்டுக்காரர்கள் நாட்டுக்கு முப்பது பேராக வந்திருந்தார்கள்.

பேச்சு இதுதான்: கடல் உயர்ந்து ஒரு நாட்டின் கரை உள்வாங்கினால், அந்த நாட்டின் கடல் எல்லையும் சுருங்குமா? சுருங்கினால் அவள் நாட்டு மீன்பிடிக் கடலில் பாதி போய்விடும்.

"நம்ம பேச்சு அம்பலம் ஏறுமாம்மா?" என்றார் தூதர்.

"தனியா பேசினா ஏறாது சார். நம்மள மாதிரி இன்னும் பதினோரு நாடு இருக்கே."

மூன்று நாள் காபி இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றாள். காபிக்கு வந்த அந்தச் சின்ன நாட்டுக்காரர்களின் கதையையெல்லாம் கேட்டாள். பிறகுதான் கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். 'ஒருமுறை வரைந்த எல்லை, கரை நகர்ந்தாலும் நகராது.' ஆளுக்கொரு சொல்லை மாற்றச் சொன்னார்கள், சளைக்காமல் மாற்றினாள். கடைசியில் அது யார் எழுதியது என்று யாருக்கும் தெரியவில்லை.

தீர்மானத்தின் முதல் வரைவை எழுத ஆள் கேட்டபோது பெரிய நாட்டுக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவள் கை தூக்கினாள்.

"உனக்கெதுக்கும்மா இந்தத் தலைவலி?" என்றார் தூதர்.

"எழுதுறவங்கதானே சார் எதை எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்றாங்க."

கடைசி நாள் பன்னிரண்டு நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஒரே வரியைச் சொன்னன. ஐந்தாவது ஆள் வாய் திறக்குமுன்பே மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்துவிட்டார். மண்டபமே சிரித்தது. அவளுக்கோ அந்த வரி அலைபோல வந்து வந்து போக, தூக்கத்தில் கண் செருகியது.

பெரிய நாட்டுப் பிரதிநிதி ஒருவர் எழுந்தார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாமே?"

தூதர் ஒலிவாங்கியை அவள் பக்கம் தள்ளினார்.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்போ துறைமுகத்துல ஒன்பது படி வெளிய தெரிஞ்சுது, ஐயா. இப்போ ஏழுதான். எங்களால எத்தனை படி காத்திருக்க முடியும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கையிலிருந்த தாளை மடித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். வரி நிறைவேறியது.

மறுவருஷம் அவளை வரைவுக் குழுவின் தலைவியாக்கினார்கள். முதல் நாளே, 'அடுத்த வருஷம்' என்ற அதே பிரதிநிதி ஒரு தாளோடு வந்தார். "ஒரு சொல் மட்டும் மாத்தணும். முடியுமா?"

"இருங்க, கண்ணாடியைத் தேடிக்கறேன்" என்றாள் அலையக்கா. அவர் நின்றபடி காத்திருந்தார்.