முட்டை ட்ரேயும் மூன்றாவது சாம்பிளும்

போன வாரம் ஒரு நாள் காலை, நாமக்கல்லில் என் நாத்தனார் வீட்டில் ஒருவர் அறை அறையாகப் போய்க் கை தட்டிக்கொண்டிருந்தார். ஹாலில் ஒரு தட்டு. சமையலறையில் ஒரு தட்டு. பாத்ரூம் கதவைத் திறந்து அங்கேயும் ஒன்று! அவர் பின்னால் நானும் என் நாத்தனாரும் மூச்சுக் காட்டாமல் நடந்தோம். எதிர்வீட்டு அம்மா பொறுக்க முடியாமல், "ஏனுங்க, பேய் கீய் ஓட்டறீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். வேறென்ன சொல்ல?

என் நாத்தனார் செல்வி, பதினாறு வருடம் உயிரியல் டீச்சராக இருந்தவள். ஹாஸ்டல் ஸ்கூல். ஒரு வகுப்பில் எழுபது பிள்ளைகள். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் குரலாலேயே எழுப்பிவிடுவாள். எட்டு மாதத்துக்கு முன் தைராய்டு ஆபரேஷன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. குரலும் மெல்லத் திரும்பியது. ஆனால், "இனி கத்திப் பேசக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுபது பிள்ளைகளிடம் கத்தாமல் எப்படி? வேலையை விட்டாள்.

அதன்பிறகு அவள் பேசுவதே குறைந்துபோனது. போன் செய்தால் "ம்", "சரிங்க அண்ணி"... அவ்வளவுதான். கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள் நேரில் போனாலும் வெறுமனே தலையாட்டுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அப்போதுதான் சென்னையில் ஒரு கம்பெனி, ஆன்லைன் பாடம் பதிவுசெய்ய டீச்சர்கள் தேடியது. வீட்டிலிருந்தே, மெதுவாக, மைக்கில் பேசினால் போதும். செல்விக்கென்றே செய்த வேலை! ஒரே நிபந்தனை - பத்து நிமிடப் பாடம் ஒன்றைச் சாம்பிளாகப் பேசி அனுப்ப வேண்டும். மூன்று வாய்ப்புதான் தருவார்கள்.

இங்கேதான் நான் நுழைகிறேன். 'ரெக்கார்டிங் என்றால் அறை சுத்தமாக இருக்க வேண்டாமா?' என்று ஆரம்பித்தவள் நான்தான். மாடியில் புதிதாகக் கட்டிய அறை. பளபளக்கும் டைல்ஸ், வழுவழுவென்று பட்டி பார்த்த சுவர், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். கட்டிலை வெளியே போட்டோம். மெத்தையை வெளியே போட்டோம். திரையைக் கழற்றினோம். துணி மாட்டியிருந்த ஸ்டாண்டைக்கூட விட்டுவைக்கவில்லை. துடைத்து, சாம்பிராணி போட்டு, நடுவில் ஒரு நாற்காலி. ஆபரேஷன் தியேட்டர் தோற்றது போங்கள்.

முதல் சாம்பிள் திரும்பி வந்தது. 'குரல் தெளிவாக இல்லை.'

விடுவோமா? என் வீட்டுக்காரருக்கு முட்டைப் பண்ணை இருப்பது வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். சுவர் முழுக்க முட்டை ட்ரே ஒட்டினால் ஸ்டுடியோ ஆகிவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் ட்ரேவுக்கு எங்கே போவது என்று யோசித்து, இந்த எண்ணத்தையே கைவிட்டிருப்பார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு போன்தான்... மினி லாரியே வந்து நின்றது!

"எத்தனை வேணும்னாலும் ஒட்டிக்க சாமி, ஊசி உழுந்தாக்கூட வெளிய கேக்காது" என்று தங்கைக்குத் தைரியம் சொன்னார் அவர்.

ஒட்டினோம். ஒரு நாள் முழுக்க ஒட்டினோம். எல்லாம் பழைய ட்ரே. இடுக்கில் இறகு. கோழி எச்சத்தின் வாடை வேறு. செல்வி 'சிறுநீரகம்' என்று ஆரம்பித்தால் நான் தும்முவேன். நான் அடங்கினால் மேலே ஒரு ட்ரே பிய்த்துக்கொண்டு விழும். ரோட்டில் போகிற லாரியின் ஹாரனோ, ட்ரே ஒட்டியது தனக்குத் தெரியவே தெரியாது என்பதுபோல உள்ளே வந்தது. எப்படியோ ஒரு பதிவை முடித்து அனுப்பினோம்.

இரண்டாவது சாம்பிளும் திரும்பி வந்தது. அதே வரி. 'குரல் தெளிவாக இல்லை.'

செல்வி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "உட்டுருங்க அண்ணி. ரூமும் இல்ல, ட்ரேயும் இல்ல. என்ற தொண்டைதான். போனது போனதுதான்" என்றாள். கழுத்துத் தழும்பை முந்தானையால் மூடிக்கொண்டாள். ஆசை காட்டி இழுத்துவந்ததே நான்தானே?

கடைசி முயற்சியாக சவுண்ட் சர்வீஸ் சின்னதுரையைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் மைக் செட் போடுகிறவர். நல்ல மைக் ஒன்று வாடகைக்குக் கொடுங்கள் என்பதுதான் நான் கேட்டது. அவர் மாடிக்கு வந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரே ஒரு முறை கை தட்டினார். 'ணங்ங்...' என்று அது சுவருக்குச் சுவர் போய் வந்தது.

"மைக்கெல்லாம் வேண்டாமுங்க அக்கா. இது ரூமில்லீங்க, ஆள் வராத கல்யாண மண்டபம்" என்றார்.

புரியவில்லை என்றேன்.

"காலையில வெறும் மண்டபத்துல மைக் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. ஒரு ஹலோ சொன்னா நாலு ஹலோ கேக்கும். முகூர்த்தத்துக்குச் சனம் வந்து உக்காந்துட்டா அதே மைக்கு, அதே பாக்ஸு, கணீர்னு இருக்கும். எதனாலங்க? அத்தன சேலை, வேட்டி, துண்டு, ஒடம்பு... எல்லாஞ் சேர்ந்து சத்தத்தைக் குடிச்சுப்போடும். இங்க குடிக்கறதுக்கு என்னங்க இருக்குது? டைல்ஸும் கண்ணாடியும் வாங்குனதைத் திருப்பியல்ல எறியுது!"

"அப்ப இந்த ட்ரே?"

"அது காயிதம்தானுங்களே. கீச்சுச் சத்தத்தை ஏதோ கொஞ்சம் மட்டுப்படுத்தும். லாரி ஹாரனை நிறுத்தோணும்னா கனமான செவுரும் சந்தில்லாத கதவும் வேணும். உள்ளார சுத்தற சத்தத்தை அடக்கோணும்னா தடியாத் துணி, பஞ்சு வேணும். ரெண்டும் வேற வேற வேலைங்க."

கட்டில், மெத்தை, திரை... இருந்த மருந்தையெல்லாம் நானே வெளியே தூக்கிப் போட்டிருக்கிறேன்!

செல்வி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப... என்ற குரல்?"

"உங்க குரலுக்கு என்னங்க டீச்சர்? எனக்கு நல்லாக் கேக்குதே" என்றார் அவர், வெகு சாதாரணமாக. எட்டு மாதமாக நாங்கள் யாரும் அவளிடம் அப்படிச் சாதாரணமாகச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பொறுங்க, காசு செலவில்லாம எடம் கெடைக்குதான்னு பாத்துப்போடலாம்" என்று கிளம்பியவர்தான், நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கைதட்டலில் இறங்கினார். ஹால் கிண்ணென்றது. சமையலறை பாத்திரங்களோடு சேர்ந்து கணகணத்தது. பாத்ரூமைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கடைசியில் கீழே பின்கட்டு அறை. குமாரபாளையத்திலிருந்து வந்த சரஸ்வதி என்பவர் அதை வாடகைக்கு எடுத்து, பெட்ஷீட், துண்டு மூட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறார். தரையிலிருந்து கூரைவரை மூட்டை. ரோட்டுப் பக்கம் ஜன்னல் கிடையாது. சின்னதுரை உள்ளே போய்த் தட்டினார். 'டப்.' அவ்வளவுதான். கைதட்டல் திரும்பி வரவே இல்லை. இன்னொரு முறை தட்டினார். 'டப்.' அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

"ஏனுங்க, எங்க சரக்கைப் பாத்து எதுக்குக் கை தட்டறீங்க?" என்று சரஸ்வதி வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னோம். "அட, இதுக்கென்னங்க? மத்தியானத்துக்கு மேல லோடு இல்லீங்க டீச்சர். தாராளமாப் பேசுங்க. நானும் ஒரு மூலையில உக்காந்துக்கறேன், அசைய மாட்டேன்" என்றார்.

மத்தியானம் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, முதல் இரண்டு சாம்பிளைப் பதிவுசெய்த அதே போனைச் செல்வி கையில் கொடுத்தோம். ஆரம்பித்தாள். கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல, மெல்லிய குரலில், சிறுநீரகம் ரத்தத்தை எப்படி வடிகட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது. பத்து நிமிடம் முடிந்ததும் நிறுத்தினாள்.

சரஸ்வதிதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்பறம் அந்த உப்பு எங்க போச்சுங்க டீச்சர்? சொல்லாம நிறுத்திப்போட்டீங்களே!"

பதிவைப் போட்டுக் கேட்டோம். செல்வி பாதியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது நானுங்களா அண்ணி?" ஆமாம் என்று தலையாட்டினேன். அழுகிறவளால் வேறென்ன செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்புதான். எத்தனை பேரை நாம் 'இவன் பேச்சு எடுபடவில்லை', 'இவளுக்குக் குரலே இல்லை' என்று ஒதுக்கியிருப்போம்... மாமியார் வீட்டில், ஆபீஸ் மீட்டிங்கில், ஊர்க் கூட்டத்தில்? அவர்களை நிறுத்தி வைத்த இடம் எப்படிப்பட்டது என்று யாராவது ஒரு முறை கை தட்டிப் பார்த்தோமா? பேசுகிறவளும் தன் தொண்டையைத்தானே குறை சொல்லிக்கொண்டு அடங்கிப்போகிறாள்.

நேற்று முன்தினம் பதில் வந்தது. மூன்றாவது சாம்பிள் தேர்வாகிவிட்டது. அடுத்த மாதம் முதல் வேலை. கூடவே ஒரு குறிப்பு: 'குரல் மிகத் தெளிவு. சற்று வேகமாகப் பேசுகிறீர்கள், குறைத்துக்கொள்ளவும்.'

"வேகமாப் பேசறனாம் அண்ணி! நானு... வேகமாப் பேசறனாம்!" என்று போனில் சிரித்தாள், அழுதாள், பிறகு முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசினாள்.

வேகத்தை அடுத்த மாதம் குறைத்துக்கொள்ளட்டும் - எட்டு மாதப் பாக்கி இருக்கிறதே!