கையெழுத்து வடிவான பிள்ளை

கம்பஸில் கூடப் படித்தவர்களின் வட்ஸ்அப் குழுவில் யாரோ பழைய படமொன்றைப் போட்டிருந்தார்கள். வாவியில் முழங்காலளவு தண்ணீரில் எல்லோரும் வலையோடு நின்று பல்லைக் காட்டுகிறார்கள். கீழே 'என்ன ஒரு காலம்!' என்று ஆளுக்கொரு பெருமூச்சு. படத்தின் ஓரத்தில், கரையில் பாயில் குனிந்திருக்கும் முதுகு என்னுடையது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விலங்கியல் படித்த நாட்களில் கம்பஸ் இருந்த வந்தாறுமூலையிலிருந்து பஸ் பிடித்து வாவிக்கு ஃபீல்ட் போவோம். உப்புத் தண்ணீரில் வளரும் கண்ணா மரங்களின் வேர்களுக்கிடையே நண்டு, இறால், சிப்பி என்று அகப்படுவதைப் பிடித்துப் போத்தலில் போடவேண்டும். ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் அதன் பெயரும் பிடித்த இடமும் பென்சிலால் எழுதிய கடதாசித் துண்டு இருக்கவேண்டும். முதல் நாளே நான் எழுதியதைப் பார்த்த எங்கள் விலங்கியல் சேர், "இந்தப் பிள்ளைட எழுத்து என்ன வடிவு!" என்றார். அன்றிலிருந்து கரையில் பாயில் இருந்து எல்லோருக்கும் எழுதுவது என் வேலை. அந்த எழுத்துத்தான் என் தலையெழுத்தாகிவிட்டது.

அந்த வாவி என்றால் எனக்கு உயிர். அதன் உப்பு வாசம், காலடிச் சத்தத்துக்கே வளைக்குள் ஓடி மறையும் நண்டுகள், எல்லாம் பிடிக்கும். ஒரே ஒருதரம் இறங்கி, என் கையால் ஒரு நண்டைப் பிடிக்கவேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். கேட்டபோதெல்லாம் சிநேகிதிகள்கூட, "நீ எறங்கினா மறுகா ஆரு எழுதுற?" என்றார்கள். அவர்களுடைய செருப்பும் சோற்றுப் பார்சலும் என் பக்கத்தில் வந்து குவியும்.

கடைசி ஃபீல்டில் பென்சிலைப் பாயில் வைத்தேன். "நானும் வாறன். இண்டைக்கு வேற ஆராவது எழுதுங்க," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, சல்வாரைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். சேறு இளஞ்சூடாக விரல்களுக்கிடையே பிதுங்கியது. நான் பிடித்த முதல் நண்டு என் பெருவிரலைக் கவ்வியது. கத்திக்கொண்டே சிரித்தேன். பின்னேரம்வரை கரைக்கு வரவேயில்லை. மற்றவர்கள் வழக்கம்போலப் போத்தல்களைப் பாயில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் மேசை நிறையப் போத்தல்கள். ஒன்றிலும் துண்டு இல்லை. எதை எங்கே பிடித்தது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

"உன்னால எல்லாருக்கும் மார்க்ஸ் போச்சு," என்று ஒருத்தி அழுதாள். சேரும் என்னைத்தான் முறைத்துப் பார்த்தார். அத்தனை பேரும் எழுதிப் பாஸாகித்தான் கம்பஸுக்கு வந்தவர்கள். தாங்களும் எழுதியிருக்கலாம் என்று அவர்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.