ஒன்பது பொருத்தம் சொன்ன கம்ப்யூட்டர்

தம்புசாமிக்குக் குப்பைத் தொட்டியைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். கிள்ளானில், தானே திறக்கும் ஆட்டோகேட்டும் சிசிடிவி கேமராவும் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. மற்ற நேரத்தில், யார் எதைத் தூக்கிப் போட்டாலும் அவர் தூக்கிக்கொண்டு வருவார். சுற்றாத காற்றாடி, பாடாத ரேடியோ, ஒரு பக்கம் மட்டும் ரொட்டி வாட்டும் டோஸ்டர் என்று வீட்டுப் பின்பக்கம் நடக்க வழியில்லை. போன தீபாவளிக்கு வீட்டைத் துடைத்துக் கழுவும்போது அவர் மனைவி புஷ்பவல்லி சட்டம் போட்டுவிட்டார்.

"இன்னும் ஒரே ஒரு சாமான் உள்ள வந்துச்சு, நீங்க வெளிய போயிடுங்க."

அப்படிப்பட்ட புஷ்பவல்லிதான் ஒரு சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து போன் செய்தார்.

"ஏங்க, காரை எடுத்துக்கிட்டு உடனே வாங்க. இங்க ஒரு கம்ப்யூட்டரைக் குப்பைத் தொட்டி பக்கத்துல வெச்சிருக்காங்க."

தம்புசாமி போனைக் காதிலிருந்து எடுத்து, மனைவி நம்பர்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"விளையாட்டு இல்ல லா. நம்ம ஜாதக மிசினுங்க! கார்த்திகேசு ஐயா ஜோசியக் கடையைக் காலி பண்ணிட்டு மகள் வீட்டுக்கு செராஸுக்குப் போறாராம். பழைய இரும்பு லோரிக்காரன் ரெண்டு வாட்டி வந்துட்டான். நான் மேல உக்காந்திருக்கேன்."

"எது மேல?"

"மிசின் மேலதான். சீக்கிரம் வாங்க."

தம்புசாமி கார்ச் சாவியை மெதுவாகத் தேடினார். உலகத்தில் அவர் குப்பைக்குப் போகட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பொருள் அதுதான்.

காரணம் இருக்கிறது. முப்பது வருடத்துக்கும் முன்னால் பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் ஜாதகம் என்றால் அப்படி ஒரு மவுசு. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டிவிட்டால் பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டு கட்டத்தைத் துப்பும். கார்த்திகேசு ஐயா அதைக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து வாசிப்பார். தட்டுகிற வேலை இளவட்டமான தம்புசாமிக்கு. அங்கேதான் புஷ்பவல்லியும் அவர் அம்மாவும் வந்தார்கள். ஏழு தடவை, ஏழு மாப்பிள்ளைகளின் ஜாதகத்தோடு. ஏழும் பொருந்தவில்லை. ஏழாவது தடவை புஷ்பவல்லி கவலையே படாமல் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் தம்புசாமி மொத்தமாகக் கவிழ்ந்துபோனார்.

எட்டாவதாகத் தன் பெயரையே போட்டுப் பார்த்தார். ஆயில்ய நட்சத்திரம், பத்துக்கு மூன்று பொருத்தம். அதற்கும் மேல், ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். தம்புசாமி யோசித்தார். பிறந்த நேரத்தை இரண்டு மணி நேரம் முன்னதாக்கினார். பூசம் வந்தது, ஒன்பது பொருத்தம் வந்தது, அடுத்த வைகாசியில் கல்யாணமும் வந்தது. மாமியார் எண்பத்தாறு வயது வரை திடகாத்திரமாக இருந்து, "பூசத்துல பொறந்த மருமகன், தங்கம்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

இப்போது அந்த மிசின் மறுபடியும் தேவைப்பட்டது. மகள் ஷாமினி, தன்னோடு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் யுகேந்திரனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். சுங்கை பூலோ பையன். நல்ல பையன், புஷ்பவல்லியின் மீன் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டவன். ஆனால் கைப்பேசிச் செயலி நான்கு பொருத்தம்தான் என்றது. புஷ்பவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்களுக்கு ஒம்போது. அதான் முப்பத்தோரு வருஷம் ஓடுச்சு. நாலை வெச்சிக்கிட்டு எப்படிம்மா காலம் தள்ளுவே?" என்றவர், கொஞ்சம் இறங்கி வந்து, "போன் சொல்றதையெல்லாம் நான் நம்பமாட்டேன். எங்க மிசின் சொல்லட்டும். அது என்ன சொல்லுதோ அதுதான் முடிவு" என்றார்.

தம்புசாமி போய்ச் சேர்ந்தபோது புஷ்பவல்லி சந்தில் குடையைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் மேல் கொலுவிருந்தார். லோரிக்காரன் கொஞ்ச தூரத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். "அண்ணே, அக்கா எழுந்திரிக்கவே மாட்டேங்குறாங்க" என்று அவரிடம் புகார் வேறு செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பின்பக்கத்து மேசையில் அறுவை நடந்தது. மூடியைக் கழற்றியதும் தம்புசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மிசின் வயதாகிச் சாகவில்லை, பக்தியில் செத்திருந்தது. கார்த்திகேசு ஐயா வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, மேலே விபூதியைத் தூவி, பூவும் போட்டிருக்கிறார். சந்தனம் சுவிட்சுக்குள் இறங்கிக் கல்லாகிவிட்டது. விபூதி உள்ளே ஒரு விரற்கடை படிந்திருந்தது. காற்றாடியில் சாமந்தி இதழ்கள், டிஸ்க் போடும் வாயில் ஒரு ஊதுபத்திக் குச்சி.

செத்தது செத்ததாகவே இருக்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. "முடியாது புஷ்பா, போர்டு போச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அப்புறம் ஷாமினிக்கு அந்த நாலுதான் மிஞ்சும். அதுவும் போக, கைக்கு எட்டிய மிசினைச் செத்துப்போனது என்று பொய் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வராது. நட்சத்திரத்தைப் பற்றி வேண்டுமானால் சொல்வார், மிசினைப் பற்றிச் சொல்லமாட்டார்.

பிரஷ்ஷால் துடைத்தார். சுவிட்சைச் சுரண்டினார். போர்டில் கடிகாரத்துக்கான சின்ன பேட்டரி பச்சை பச்சையாகக் கசிந்திருந்தது. அதை வெட்டியெடுத்து, ரிமோட்டுக்குப் போடும் பேட்டரி மூன்றை வயர் வைத்துப் பற்றவைத்தார். பேட்டரி செத்ததில் மிசினுக்குத் தன் ஹார்ட் டிஸ்க்கே மறந்துபோயிருந்தது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த எண்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டி, இதுதான் உன்னுடையது என்று ஞாபகப்படுத்தினார். அப்படியும் டிஸ்க் சுற்றவில்லை. ஸ்குரூடிரைவர் பிடியால் பக்கவாட்டில் செல்லமாக நான்கு தட்டு தட்டினார்.

புஷ்பவல்லி கற்பூரத் தட்டோடு வந்து நின்றார். விரலில் சந்தனம்.

"ஐயோ, அதுல பூசாத! அதாலதான் அது போனதே!"

"சாமி காரியத்துக்குத் தடை சொல்லாதீங்க" என்று முறைத்துவிட்டு, சந்தனத்தை வீணாக்காமல் கணவர் நெற்றியில் அப்பிவிட்டு உள்ளே போனார். இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஷாமினி அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"அப்பா, யுகேன் பொறந்த நேரத்தை லேசா தள்ளிப் போட்டுடுங்களேன். ஒரு ரெண்டு மணி நேரம். அம்மாவுக்கு என்னா தெரியப்போவுது?"

தம்புசாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று அவர் யாரைப் போய்க் கேட்பார்? சுவிட்சைப் போட்டார். டிஸ்க் ஒருமுறை முனகியது, பிறகு ஊய்யென்று சுற்றியது. சூடேற நேரமெடுத்த திரையில் பச்சை எழுத்துகள் மெல்லத் தெளிந்தன. "ஓடுது லா!" என்று ஷாமினி கத்திக்கொண்டு அம்மாவை அழைக்க ஓடினாள்.

பெயர்ப் பட்டியல் இறங்கியது. அதில், இங்கிலீஷ் எழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு தம்புசாமி. பூசம் தம்புசாமியைச் சேர்த்த அவசரத்தில் ஆயில்யம் தம்புசாமியை அழிக்க மறந்திருக்கிறார் அந்த மகா கெட்டிக்காரர்.

அழிக்கும் பட்டனில் விரல் போய் நின்றது. ஒரு தட்டுதான், எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கையோடு யுகேந்திரனின் நேரத்தையும் தள்ளலாம்.

ஆனால் தம்புசாமிக்கு ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வந்தது. ஷாமினிக்கு ஆறு வயதாக இருந்தபோது புஷ்பவல்லிக்கு டெங்கி. இரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஜோசியத்தில் நம்பிக்கையில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர், அன்றைக்குக் கோயில் வாசலில் நின்று, "தப்பு பண்ணது நான், அவளை விட்டுடு" என்று தேம்பித் தேம்பி அழுதார். அதற்கப்புறம் வீட்டில் ஒரு தும்மல் கேட்டாலும், ஒரு சண்டை வந்தாலும் அந்த இரண்டு மணி நேரம்தான் நெஞ்சில் வந்து குத்தும். யாரிடமும் சொன்னதில்லை. முப்பத்தொரு வருடமாகத் தூக்கிச் சுமந்ததை மகள் தலையில் இறக்கிவைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. விரலை எடுத்துவிட்டார்.

புஷ்பவல்லி கற்பூரத் தட்டோடு திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

"இது யாரு ரெண்டாவது தம்புசாமி?"

"அதுவும் நான்தான்" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், டெங்கி வரைக்கும் சொன்னார். ஷாமினி வாயில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

புஷ்பவல்லி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். பிறகு குரல் கிளம்பியது.

"அப்ப ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தம்புசாமி, பூச நட்சத்திரம்னு அர்ச்சனை பண்ணேனே, முப்பத்தோரு வருஷம், அதெல்லாம் எவனுக்குய்யா போச்சு?"

இந்தக் கேள்வி தம்புசாமி யோசித்து வைத்திருந்த நூறு கேள்விகளில் இல்லை.

"நெசமா எத்தனை?" என்று புஷ்பவல்லி கேட்டார். தம்புசாமி தட்டிக் காட்டினார். மூன்று.

"இப்ப இவளையும் அந்தப் பையனையும் போடுங்க. ஒரு நிமிசம்கூட மாத்தக் கூடாது." தட்டினார். போன் சொன்ன அதே நான்கு. ஷாமினி கண் கலங்கிவிட்டாள்.

புஷ்பவல்லி மூன்றையும் பார்த்தார், நான்கையும் பார்த்தார். கற்பூரத் தட்டிலிருந்து மிச்சச் சந்தனத்தை வழித்து, தம்புசாமி தடுப்பதற்குள் மானிட்டர் நெற்றியில் பொட்டு வைத்தார்.

"நம்மளவிட ஒன்னு கூடத்தான் இருக்கு" என்றார். "ஷாமினி, அந்தப் பையன் அம்மாவுக்குப் போன் போடு. அடுத்த வாரம் வரச் சொல்லு."

தம்புசாமியோடு மட்டும் வெள்ளிக்கிழமை வரை பேச்சில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனார். குருக்கள் தட்டை வாங்கி, வழக்கம்போல் கேட்காமலேயே, "தம்புசாமி, பூச நட்சத்திரம்" என்று ஆரம்பித்தார்.

"ஆயில்யம், சாமி" என்றார் புஷ்பவல்லி.

குருக்கள் நிமிர்ந்தார். "இத்தனை வருஷமா பூசம்னுதானே சொல்வீங்க?"

"அது வேற யாரோ, சாமி. இத்தனை வருஷமா என்கூட இருந்தது ஆயில்யம்தான்."