ஈஸ்ட் என்று எழுதினேன்

குளுவாங்கில் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பவள் நான். ஒரு நாள் என்னிடம் வந்தவர், ரெங்கம் பக்கம் செம்பனைக் குலைகளை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டுபவர். அவர் வீட்டில் வேறு யாரும் இல்லை, ஒரு கறுப்பு நாய்தான் துணை. அதற்குப் பல வாரங்களாக ரத்தக் கழிச்சல்.

மலக்குடலில் சுரண்டி எடுத்ததை ஸ்லைடில் தடவி, சாயமேற்றிப் பார்த்தேன். உருண்டை உருண்டையாகச் சில செல்கள். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். பார்க்காததா என்ற திமிர் வேறு. ‘ஈஸ்ட்’ என்று எழுதிவிட்டு, குடல் அழற்சிக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

இரண்டே வாரத்தில் ரத்தம் நின்றது. ஒரு பை நிறைய டுக்கு பழத்தோடு வந்தார்.

“உங்க கைராசி, டாக்டர்.”

வெட்கமில்லாமல் பூரித்துப்போனேன்.

அடுத்த மாதம் அந்த நாய் என் மேசைக்காலில் முட்டி நின்றது. இரண்டு கண்ணும் போயிருந்தன. கண்ணுக்குள்ளிருந்து ஊசியால் நீர் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். பாசி என்று பதில் வந்தது. நிறமில்லாத பாசி, நாய்களுக்கு அபூர்வமாகத் தொற்றுவது. ஸ்டீராய்டு கொடுத்தால் உடம்பின் எதிர்ப்பு சரிந்து, அது பரவ வழி கிடைத்துவிடும்.

பழைய ஸ்லைடைத் தேடி எடுத்தேன். ஒரு செல்லுக்குள்ளேயே தடுப்புத் தடுப்பாக, ஆரஞ்சுச் சுளைகள் போலப் பிரிந்திருந்தது. ஈஸ்ட் அப்படிப் பிரியாது. முதல் நாளே என் கண்ணெதிரில்தான் இருந்திருக்கிறது. இப்போதும் கண்ணை மூடினால் அந்தச் சுளைகள்தான் வருகின்றன.

அவரை உட்காரவைத்து, அழுக்குத் தண்ணீரில் வாழும் பாசி இது என்று தொடங்கினேன். அடுத்து என் மாத்திரையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவர் முகம் வெளிறிவிட்டது.

“அலமாக்... மில்லு பக்கத்து லொங்காங்ல ஓடற சாக்கடத் தண்ணிய குடிப்பான், டாக்டர். நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். நான்தான் இவன் கண்ண கெடுத்துட்டேன், இல்ல?”

“அப்படியெல்லாம் நினைக்காதீங்க” என்றேன். ஆறுதல் மாதிரி சொன்ன அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அந்த வாரமே நாய்க்குக் கடைசி ஊசி போட்டேன். அதன் தலையைத் தன் மடியில் வைத்து அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு குட்டியைத் தடுப்பூசிக்குத் தூக்கி வந்தார்.

“இவன வெளிய விடறதே இல்ல, டாக்டர். கூண்டுலதான். தண்ணியக்கூட கொதிக்க வச்சு, ஆறவச்சுதான் குடுக்கறேன். இந்தத் தடவ நான் தப்பு பண்ண மாட்டேன்.”

ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, எதுவும் கேட்காதவள் போலக் குட்டியின் நெஞ்சில் வைத்தேன்.